பின் இடது

நான்கு மாதமாக என் நகங்களில் கறுப்பு இல்லை.
கேப்டன் ஆனபின் நான் தொட்டதெல்லாம்
கடிதம், ரசீது, முத்திரை,
டீன் அலுவலக வாசலின் குளிர்ந்த நாற்காலி.
டயர் கேட்டு எழுதிய பதினேழு மின்னஞ்சல்களில்
பதினாறுக்குப் பதில் இல்லை.
பதினேழாவது நிறுவனம்
நான்கு டயரும் ஒரு குடையும் அனுப்பியது.

வண்டியைத் தொட்டவர்கள் வேறு பேர்.
சுஹைலா, நோன்பு மாதத்திலும்
தராவீஹ் முடித்துப் பட்டறைக்கு வந்து
வெல்டிங் முகமூடியை இறக்கியவள்.
துணைக் கேப்டன் கியான் ஹொங்,
போல்ட்டுகளிடம் மட்டும் ஹொக்கியனில் முணுமுணுப்பவன்.
முதலாண்டு லோகமித்திரன்,
பாரிட் புந்தாரிலிருந்து அப்பாவின் மோட்டாரில்
தினமும் ஆற்றைக் கடந்து
நிபோங் திபாலுக்கு வருகிறவன்.
ஓட்டுநர் பெர்னடெட், சபாக்காரி.
அந்த இருக்கைக்குள் நுழைய முடிந்தது
அவளால் மட்டும்.

பத்து காவானில், காலை,
முதலில் சாய்வு மேசை.
எங்கள் நாற்பத்தேழாம் எண்ணை
அறுபது பாகை சாய்த்து,
அடியில் வெள்ளைத் தாள் விரித்து,
அதிகாரி குனிந்து பார்த்தார்.
ஒரு சொட்டு விழக்கூடாது.
விழுந்த ஒன்று
என் நெற்றியிலிருந்து.

பிறகு பிரேக்.
வேகம் எடு, மிதி,
நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டவேண்டும்.
நிற்கத் தெரிந்த வண்டியைத்தான் ஓட விடுவார்கள்.

மூன்று நின்றன.
பின் இடது மட்டும்
கூப்பிட்டது காதில் விழாத பையன்போல்
சுற்றிக்கொண்டே போனது.
மறுபடி. மூன்று.
வரிசையின் கடைசிக்குப் போய், திரும்பி வந்து,
மறுபடி.
மூன்று.

குழாயில் காற்று.
பின் இடது, லோகமித்திரன் பொறுப்பு.
அவன் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சரிபார்ப்புப் பட்டியலில்
அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது
என் கையெழுத்து.
வியாழன் இரவு, மாமாக் கடையில்,
தே தாரிக் ஆறுவதற்குள்
முப்பத்தொரு கட்டங்களுக்கும் ஒரே மூச்சில் போட்டது.

"யார் சரிபார்த்தது?" என்றாள் சுஹைலா.
லோகமித்திரன் வாய் திறந்தான்.
"நான்" என்றேன்.
"சரிபார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
கியான் ஹொங் எட்டாம் எண் ஸ்பேனரை நீட்டினான்.

தார் முதுகைச் சுட்டது.
அழுத்து, என்றேன் கீழேயிருந்து.
பெர்னடெட் அழுத்தினாள்.
பிடி.
திருகைத் திறந்தேன். குமிழ், குமிழ்,
சின்னச் சின்னதாய், அவசரமில்லாமல்,
வெள்ளைக் குழாய்க்குள் வந்தன.
மூடினேன். விடு.
அழுத்து. பிடி. விடு.
லோகமித்திரன் புட்டியைப் பிடித்திருந்தான்.
அவன் கை நடுக்கம் நிற்க
இருபது தடவை ஆகியிருக்கும்.
அதற்குப் பிறகும் குமிழ் வந்தது.
என் மணிக்கட்டில் வழிந்த எண்ணெயைத்
துடைக்கத் தோன்றவில்லை.

நாலு நாற்பதுக்கு நான்கும் பூட்டின.
தாரில் நான்கு கறுப்புக் கோடு.
அதிகாரி வண்டி மூக்கில் ஸ்டிக்கர் ஒட்டி
கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்தார்.
சுஹைலா அழுதாள், திட்டிக்கொண்டே.

நாலு ஐம்பதுக்குக் கடல் பக்கமிருந்து மழை.
பாலம் முதலில் காணாமல் போனது.
பிறகு கூம்புகள்,
பிறகு கொடி பிடித்தவர்.
ஐந்துக்கு ஓடுபாதையை மூடிவிட்டார்கள்.
முடிவுத் தாளில் நாற்பத்தேழுக்கு நேரே
பிரேக்: தேர்ச்சி.
மற்ற கட்டமெல்லாம் சிறு கோடு.

டயர்க்காரன் குடையை
மின்பெட்டிக்கு மேலே லோகமித்திரன் பிடிக்க,
லாரிவரை தள்ளலாம் என்று
மூவரும் பின்னால் கை வைத்தோம்.
அசையவில்லை.
மறுபடி தள்ளினோம். சுஹைலா வழுக்கி விழுந்தாள்.
கியான் ஹொங் முன்னால் போய்
தலைக்கவசத்தை மெல்லத் தட்டினான்.
அந்த நாளில் அவன் பேசிய முதல் பேச்சு:

"பெர்னடெட்,
காலை எடு."